பாலம் வந்தது, எண் போயிற்று

நமது ஊர்களில் சாலைக்குப் பெயர் சூட்டும் உரிமையை ஜனங்கள் சர்க்காருக்கு விட்டுக் கொடுத்ததே இல்லை. ஒரு சாலை எந்த ஊருக்குப் போகிறதோ அந்த ஊரின் பெயரே அதற்குப் பெயர். திண்டுக்கல்லில் நிற்பவருக்கு அது மதுரை ரோடு. மதுரையில் நிற்பவருக்கு அதுவே திண்டுக்கல் ரோடு. சர்க்கார் அந்தச் சாலைக்கு 7 என்று ஓர் எண்ணைக் கொடுத்து வெகு காலம் வைத்திருந்தார்கள். 2010-ஆம் வருஷத்தில் தேசம் முழுவதும் நெடுஞ்சாலைகளின் எண்களைத் திருத்தி அமைத்தபோது அந்த 7 மறைந்து 44 வந்தது. கைகாட்டிப் பலகைகள் மாறின, தேசப்படங்கள் மாறின. மதுரை ரோடு மாத்திரம் மதுரை ரோடாகவே இருந்துவிட்டது.

ஆகையால், சாலையின் எண்ணைப் பற்றியும் ஒரு கட்டுரையா என்று நேயர்கள் புன்னகை செய்யக்கூடும். ஆனால் எண்ணையே பெயராகக் கொண்டு வாழும் தேசம் ஒன்று உண்டு. ஐக்கிய அமெரிக்காவில் யாரிடமாவது வழி கேட்டால், "எழுபதில் போய் ஐம்பத்தைந்தில் திரும்புங்கள்" என்றுதான் பதில் வரும். அத்தகைய நாட்டில் ஒரு மகாநதியின் குறுக்கே புதிய பாலம் எழுந்துவிட்டால் அதன் விளைவு கரையோடு நிற்பதில்லை. எண்கள் பழைய இடத்தை விட்டுப் புறப்பட்டுப் புதிய இடத்துக்குக் குடிபோகின்றன. அப்படிப் போகும்போது சில ஊர்களின் அதிர்ஷ்டத்தையும் உடன் கொண்டு போகின்றன. மிஸ்ஸிஸிப்பி நதிக்கரையிலுள்ள செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு நாம் சென்றிருந்தபோது இதைக் கண்கூடாகக் கண்டோம். கண்டதையும், அதன் பின்னால் உள்ள சரித்திரத்தையும் சேர்த்து இங்கே சொல்லுகிறோம்.

நதியும் நகரமும்

சிக்காகோவிலிருந்து 55-ஆம் எண் சாலையில் தெற்கு நோக்கி வந்தால் ஏறக்குறைய முந்நூறு மைல் தூரம் கண்ணுக்கு எட்டிய வரையில் சோள வயல்கள்தாம். மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. நதிக்குச் சில மைல் முன்பாகத் திடீரென்று பச்சைப் பசேலென ஒரு மண் குன்று தென்படுகிறது. மனிதர்கள் கூடை கூடையாக மண் சுமந்து எழுப்பிய குன்று அது; உயரம் சுமார் நூறு அடி. வெள்ளையர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே கஹோக்கியா என்னும் பெரிய நகரம் அங்கே செழித்திருந்தது. அதன் தெருக்களுக்கு என்ன பெயர் இருந்ததோ, அதைச் சொல்ல இப்போது ஒருவரும் இல்லை. அதற்குப் பக்கத்திலேயே இன்று 55, 70 என்னும் இரண்டு எண்களைச் சுமந்த சாலை இரைந்துகொண்டு ஓடுகிறது.

நதிக்கு அப்பால் மேற்குக் கரையில் செயின்ட் லூயிஸ். 1764-இல் பிரெஞ்சு வியாபாரிகள் மிருகங்களின் மென்மயிர்த் தோல் வாங்கி விற்பதற்காக ஸ்தாபித்த ஊர். நதி இரண்டு ராஜ்யங்களுக்கு எல்லை: மேற்கே மிஸௌரி, கிழக்கே இல்லினாய். மேற்குத் திசைக்குக் குடியேறப் போனவர்கள் இவ்வழியே சென்றதால் 'மேற்கின் வாயில்' என்று பெயர் பெற்றது. அதை நினைவூட்டும் பொருட்டு நதிக்கரையில் 630 அடி உயரத்தில் எஃகுத் தகடு போர்த்த வளைவு ஒன்றை எழுப்பியிருக்கிறார்கள். 1965-இல் அது முடிவடைந்தது.

வாயில் என்று பெயர் இருந்ததே ஒழிய, வெகு நாள் வரையில் அந்த வாயிலுக்குப் படி இல்லை. நதியைத் தாண்ட வேண்டுமானால் ஓடத்தில்தான் தாண்ட வேண்டும். குளிர்காலத்தில் ஆறு உறைந்தால் ஓடமும் கிடையாது. இதற்கிடையில், 1856-இல் வடக்கே ராக் ஐலண்ட் என்னும் இடத்தில் மிஸ்ஸிஸிப்பியின் குறுக்கே முதல் ரயில் பாலத்தைக் கட்டிவிட்டார்கள். சில நாட்களுக்குள் ஒரு நீராவிக் கப்பல் அந்தப் பாலத்தில் மோதி எரிந்தது. கப்பல்காரர் வழக்குத் தொடுத்தார். பாலத்தின் பக்கம் நின்று வாதாடிய வக்கீல்களுள் ஒருவர் ஆபிரகாம் லிங்கன். பாலம் நிலைத்தது, அதனால் சிக்காகோவுக்கு ரயில் வண்டிகள் குவிந்தன. நதியை நம்பி இருந்த செயின்ட் லூயிஸ் பின்தங்கிற்று.

1874-இல்தான் ஈட்ஸ் என்ற பொறியியலாளர் இங்கே தமது புகழ்பெற்ற எஃகுப் பாலத்தைக் கட்டி முடித்தார். ஆற்றின் அடியில் காற்றழுத்த அறைகளில் இறங்கி அஸ்திவாரம் தோண்டியவர்களுள் பத்துப் பேருக்கு மேல், அழுத்தம் மாறுவதால் உண்டாகும் நோயினால் உயிரிழந்தனர். ஜனங்களுக்குப் பாலத்தின்மேல் நம்பிக்கை வர வேண்டும் என்பதற்காக முதலில் ஒரு யானையை அதன்மேல் நடத்திப் பார்த்தார்களாம். உறுதியற்ற தரையில் யானை கால் வைக்காது என்பது அந்த நாட்டிலும் நம்பிக்கை போலும்! ஈட்ஸ் பாலம் இன்னமும் அங்கே நிற்கிறது. ஆனால் சிக்காகோ முந்திக்கொண்டது முந்திக்கொண்டதுதான். பாலம் ஒன்று பதினெட்டு வருஷம் தாமதித்தால் ஒரு நகரத்துக்கு என்ன நேரும் என்பதற்கு இதைவிட வேறு பாடம் வேண்டியதில்லை.

எண்களின் இலக்கணம்

இனி எண்களின் கதைக்கு வருவோம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கச் சாலைகளுக்கும் பெயர்கள்தாம் இருந்தன. தனித்தனிச் சங்கங்கள் தத்தமக்குத் தோன்றிய பெயரைச் சூட்டி, கம்பங்களில் வர்ணம் தீட்டி வைத்தன. ஒரே கம்பத்தில் நாலைந்து வர்ணங்கள் சேர்ந்துவிட்டால் பிரயாணி எந்த வர்ணத்தைப் பின்பற்றுவான்? இந்தக் குழப்பத்தைத் தீர்க்கும்பொருட்டு 1926-இல் எண் முறை வந்தது. எண் என்றால் சண்டை இராது என்று நினைத்தார்கள். ஆனால் 60 என்னும் எண் தமக்கே வேண்டும் என்று கென்டக்கி ராஜ்யத்தின் கவர்னர் பிடிவாதம் பிடித்தார். மிஸௌரிக்காரர்களும் ஓக்லஹோமாக்காரர்களும் அதே எண்ணைக் கேட்டார்கள். கடைசியில் சிக்காகோவிலிருந்து செயின்ட் லூயிஸ் வழியாக லாஸ் ஏஞ்சல்ஸ் செல்லும் சாலைக்கு, யாருக்கும் வேண்டாமல் கிடந்த 66 கிடைத்தது. வேண்டாமற் கிடைத்த அந்த எண்தான் பிற்காலத்தில் உலகப் பிரசித்தி பெற்றது.

1956-இல் ராஜ்யங்களை இணைக்கும் பெருஞ்சாலைகள் கட்டச் சட்டம் பிறந்தது. அவற்றுக்குப் புதிய எண் முறையும் ஏற்பட்டது. வகுப்பில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தகுந்த அழகிய முறை அது. கிழக்கு மேற்காக ஓடுவன இரட்டைப்படை எண்கள். தெற்கே சிறியவை, வடக்கே போகப் போகப் பெரியவை. வடக்கு தெற்காக ஓடுவன ஒற்றைப்படை; மேற்கே சிறியவை, கிழக்கே பெரியவை. ஆகவே 70 என்று கேட்ட மாத்திரத்தில், அது தேசத்தின் நடுப்பகுதியை ஒட்டிக் கிழக்கு மேற்காகச் செல்லும் சாலை என்று ஊகிக்கலாம். நமது தேசத்தில் 2010-இல் வகுத்த முறை இதற்கு நேர் மாறு: வடக்கு தெற்குச் சாலைகளுக்கு இரட்டைப்படை, கிழக்கு மேற்குக்கு ஒற்றைப்படை. அதனால்தான் ஸ்ரீநகரிலிருந்து கன்னியாகுமரி வரை வருவது நமது 44. அமெரிக்காவின் 44 டெக்ஸாஸ் ராஜ்யத்தில் தொடங்கிச் செயின்ட் லூயிஸில் முடிகிறது.

இந்தப் பெருஞ்சாலைத் திட்டத்தின் முதல் ஒப்பந்தம் தங்கள் ராஜ்யத்தில்தான் கையெழுத்தாயிற்று என்பது மிஸௌரிக்காரர்களின் பெருமை. 1956 ஆகஸ்டில் எடுத்த அந்த வேலைகளுள் ஒன்று இன்றைய 44-இல் இருக்கிறது. மற்றொன்று இன்றைய 70-இல் இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். இக் கட்டுரையின் கதாநாயகர்கள் இவ்விருவரே.

அலைந்து திரிந்த அறுபத்தாறு

எண் ஒரு பாலத்தை விட்டு மற்றொரு பாலத்துக்குத் தாவும் வழக்கம் இந்த நகரத்துக்குப் புதிதன்று. 66-ஆம் எண் சாலை முதலில் மக்கின்லி பாலத்தின் வழியாக நதியைத் தாண்டிற்று. சில வருஷங்களில் நகரசபையார் சுங்கமின்றிச் செல்வதற்காகக் கட்டிய 'இலவசப் பாலத்'துக்கு மாறிற்று. 1951-இல் புதிதாக ஒரு பாலம் திறந்த பிறகு அதற்குப் போயிற்று. 1967-இல் பாப்லர் தெருப் பாலம் வந்ததும் அதன்மேல் ஏறிற்று. நகரத்துக்குள் நுழையாமல் சுற்றிப் போக விரும்பியவர்களுக்கென்று, 1936 முதல் அதே எண்ணுக்கு வடக்கே இன்னொரு கிளையும் இருந்தது. அது சென்ற பாலத்தின் பெயர் 'செயின் ஆஃப் ராக்ஸ்', அதாவது பாறைத் தொடர்.

அந்தப் பாலம் பார்க்க வேண்டிய ஒன்று. 1929-இல் கட்டியது. நீளம் சுமார் ஒரு மைல். பாலம் என்றால் நேராகத்தானே இருக்கும்? இதுவோ நதியின் நடுவில் வந்ததும் வளைந்து திரும்புகிறது. கப்பல் வழிக்கும், நகரத்துக்குத் தண்ணீர் எடுக்கும் கோபுரங்களுக்கும், அடியிலுள்ள பாறைக்கும் இடம் கொடுத்துக் கட்டியதால் இந்த வளைவு நேர்ந்தது. அக்காலத்தில் எதிரெதிரே இரண்டு பெரிய லாரிகள் வந்துவிட்டால் அந்த வளைவில் ஓட்டிகளின் பாடு திண்டாட்டந்தான்.

1960-களின் இறுதியில் இதற்குப் பக்கத்திலேயே 270-ஆம் எண் பெருஞ்சாலைக்காக அகலமான பாலம் ஒன்று வந்தது. எண் போயிற்று, வண்டிகள் போயின, பழைய பாலத்தை மூடிவிட்டார்கள். 1970-களில் இதை உடைத்து இரும்பை விற்றுவிடலாமா என்று யோசித்தார்களாம். நல்ல வேளை, பழைய இரும்பின் விலை இறங்கிவிட்டது! உடைக்கும் கூலிக்குக்கூட இரும்பு காணாது என்று விட்டுவிட்டார்கள். 1999-இல் நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்குமாக அது மீண்டும் திறந்தது. நாம் போயிருந்த அன்று, லாரிகள் திணறிய அதே வளைவில் ஒரு குடும்பத்தார் கட்டுச்சோற்றை அவிழ்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அடியில் நதி பழுப்பு நிறத்தில் சுழித்துக்கொண்டு போயிற்று. மிஸௌரி நதி வந்து கலக்கும் சங்கமம் அங்கிருந்து சில மைல் வடக்கே இருக்கிறது.

66 என்னும் எண்ணுக்கு 1985-இல் முடிவு வந்தது. அதன் பாதையைப் பெருஞ்சாலைகள் பங்கு போட்டுக்கொண்டன. சிக்காகோ வரையிலான பாகம் 55 ஆயிற்று. தென்மேற்குப் பாகத்தில் பெரும்பகுதி 44 ஆயிற்று. எடுத்துப் போட்ட எண்ணைத் தேடிக்கொண்டு இன்று உலகத்தின் நாலா பக்கங்களிலிருந்தும் யாத்திரிகர்கள் வருகிறார்கள். அந்த எண் பிறந்து நூறாவது ஆண்டு 2026.

மூன்று எண்கள், ஒரு பாலம்

1967-இல் திறந்த பாப்லர் தெருப் பாலத்துக்கு வருவோம். 55, 64, 70 ஆகிய மூன்று பெருஞ்சாலைகளும் இந்த ஒரே பாலத்தின் வழியாக நதியைத் தாண்ட வேண்டியிருந்தது. போதாக்குறைக்குப் பழைய 40-ஆம் எண் சாலையும் கூட. தெற்கேயுள்ள லூயிசியானாவிலிருந்து சிக்காகோ போகிறவரும், கீழைக் கடற்கரையிலுள்ள பால்ட்டிமோர் நகரத்திலிருந்து மேற்கே மலை நாட்டுக்குப் போகிறவரும், பக்கத்துத் தெருவிலுள்ள கடைக்குப் போகிறவரும் அங்கே ஒன்று சேர்ந்தார்கள். ஒரு நாளைக்கு ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் என்றால் கேட்கவா வேண்டும்? ஒரு லாரி பழுதடைந்து நின்றால் மூன்று எண்களும் ஒருங்கே ஸ்தம்பித்துவிடும்.

இன்னொரு பாலம் வேண்டும் என்பதில் இரண்டு ராஜ்யங்களுக்கும் கருத்து வேற்றுமை இல்லை. பணம் யார் தருவது என்பதில்தான் வேற்றுமை. சுங்கம் வசூலித்துப் பெரிய பாலமாகக் கட்டலாம் என்றது மிஸௌரி. இல்லினாய்க் கரையிலிருந்து தினந்தோறும் வேலைக்குப் போய் வருகிறவர்கள் ஆயிரக்கணக்கானவர்கள். அவர்களிடம் தினந்தோறும் சுங்கமா என்றது இல்லினாய். வருஷக்கணக்கில் வழக்காடி, கடைசியில் 2008-இல் உடன்பட்டார்கள்: பாலம் சிறிதாக இருக்கட்டும், சுங்கம் வேண்டாம். 2010-இல் வேலை தொடங்கிற்று. ஏறத்தாழ 70 கோடி டாலர் செலவில், 2014 பிப்ரவரி 9-ஆம் தேதியன்று வண்டிகள் ஓடத் தொடங்கின.

இரண்டு கோபுரங்களிலிருந்து விசிறி மடிப்புப் போல எஃகு வடங்கள் இறங்கித் தளத்தைத் தாங்குகின்றன. கோபுரங்களின் நடுவே உள்ள இடைவெளி மாத்திரம் 1,500 அடி. மாலை வேளையில் கிழக்கிலிருந்து மேற்கே அதைக் கடந்தோம். இடது கைப் பக்கம் தூரத்தில் அந்த எஃகு வளைவு வெயிலில் மின்னிற்று. அதற்கு அப்பால், முன்பு மூன்று எண்களின் பாரத்தையும் சுமந்த பழைய பாலம், குறைந்த சுமையோடு தாழ்ந்து தெரிந்தது.

பெயர் வைப்பதிலும் ஒரு தகராறு நடந்தது. மிஸௌரிக்காரர்களுக்கு, தங்கள் ஊர் பேஸ்பால் வீரர் ஸ்டான் மியூஸியலின் பெயர் வேண்டும். இல்லினாய்க்காரர்களுக்கு, போர் வீரர்களின் நினைவாக இருக்க வேண்டும். இரண்டையும் சேர்த்து 'ஸ்டான் மியூஸியல் போர்வீரர் நினைவுப் பாலம்' என்று 2013-இல் சட்டமே இயற்றினார்கள். இருபத்திரண்டு பருவங்கள் ஒரே கட்சிக்காக ஆடிய அந்த வீரர் அடித்த அடிகள் 3,630. அதில் சொந்த ஊர் மைதானத்தில் 1,815. வெளியூர் மைதானங்களில் 1,815. இரு கரைக்கும் சரிசமமாகப் பங்கிட்டவர் பெயரைப் பாலத்துக்கு வைத்தது பொருத்தமே.

மேற்கு கிழக்கான கதை

பாலம் திறந்த அன்று நடந்த எண் மாற்றந்தான் நமக்கு மிகவும் ரஸமாகத் தோன்றியது. 70 புதிய பாலத்துக்குக் குடிபோயிற்று. 55-உம் 64-உம் பழைய பாலத்திலேயே தங்கின. இதுவரை சிக்கல் இல்லை. ஆனால் பழைய பாலத்தின் மேற்கு முனையிலிருந்து, நகரத்தின் நடுவே, வளைவுக்கும் கடைத்தெருவுக்கும் இடையில் பள்ளம் தோண்டி அமைத்த சாலை ஒன்று வடக்கே போகிறதே, அதன் கதி என்ன? அதுவரையில் அதுவும் 70. இப்போது 70 அதைக் கைவிட்டுவிட்டது. பெயரில்லாத பிள்ளையாக அதை விட முடியுமா?

அருகில் 44 இருந்தது. தென்மேற்கிலிருந்து வந்து பாப்லர் தெருப் பாலத்தை ஒட்டி முடிந்துகொண்டிருந்த அந்தச் சாலையை இன்னும் சிறிது தூரம் வடக்கே நீட்டி, புதிய பாலத்தின் அருகே 70-உடன் சேர்த்துவிட்டார்கள். இத்தகைய மாற்றத்தை ஒரு ராஜ்யம் தன் இஷ்டப்படி செய்துகொள்ள முடியாது. ராஜ்யங்களின் நெடுஞ்சாலை அதிகாரிகள் சேர்ந்த சங்கம் ஒன்று உண்டு. அதன் எண் குழுவும், சமஷ்டி சர்க்காரின் நெடுஞ்சாலை இலாகாவும் ஒப்புக்கொண்டால்தான் எண் செல்லும்.

இதன் விளைவைக் கவனியுங்கள். மிஸௌரியில் சாலைகளின் மைல் கணக்கு மேற்கு எல்லையிலிருந்து தொடங்குகிறது. 70 கான்ஸாஸ் எல்லையில் நுழைகிறது. 44 தென்மேற்கு மூலையில் ஓக்லஹோமா எல்லையில் நுழைகிறது. ஆகவே அந்தப் பள்ளச் சாலையின் மைல் இலக்கம் முன்பு 250-ஐ ஒட்டி இருந்தது; எண் மாறியதும் 290-க்கு மேல் போய்விட்டது. ஒரு கூடை மண் நகரவில்லை. நாற்பது மைல் நகர்ந்துவிட்டது!

அதைவிட வேடிக்கை ஒன்று இருக்கிறது. அந்தச் சாலையில் வடக்கு முகமாகப் போகும் வண்டி, 70-இன் கணக்கில் மேற்கே போகிற வண்டி. ஏனெனில் அது கான்ஸாஸ் திசையில் செல்கிறது. 44-இன் கணக்கிலோ, டெக்ஸாஸிலிருந்து புறப்பட்டு வந்த சாலையின் கிழக்கு முனையை நோக்கிச் செல்கிறது. ஆகையால் முன்பு 'மேற்கு' என்று எழுதியிருந்த பலகையில் பிறகு 'கிழக்கு' என்று எழுத வேண்டியதாயிற்று. வண்டி போவதென்னவோ அன்றும் இன்றும் வடக்கே!

நம்மை அழைத்துச் சென்ற சகோதரியின் மகன் அந்த நகரத்தில் பல வருஷங்களாக இருக்கிறான்.

"அந்த வாரம் என்ன செய்தாய், அப்பா?" என்று கேட்டோம்.

"செய்வதற்கு என்ன இருக்கிறது, மாமா? கையைப் பழக்கியபடி ஓட்டினேன். பலகையைப் பார்த்தவர்கள்தாம் தடுமாறினார்கள். பார்க்காதவர்கள் நேரத்தோடு வேலைக்குப் போய்ச் சேர்ந்தோம்" என்றான்.

"இப்போது இதை எப்படிச் சொல்லுகிறாய்? 44 என்றா, 70 என்றா?"

"புதிதாக வந்தவர்களிடம் 44. பழைய ஆட்களிடம் பழைய 70. இன்னும் கேளுங்கள், மாமா. 64 என்று பலகையில் எழுதியிருக்கிறதே, அதை இந்த ஊர் மனிதர் பலர் நாற்பது என்பார்கள். அந்தக் காலத்து எண் அதுதான். 64 வந்து எத்தனையோ வருஷமாகியும் நாற்பது போகவில்லை."

எண்ணை வைத்துப் பேசும் ஜனங்களும் முடிவில் மதுரை ரோட்டுக்காரர்களைப் போன்றவர்களே என்று அறிந்தபோது நமக்கு உண்டான திருப்தியைச் சொல்ல வேண்டியதில்லை. பாலங்களின் பெயர் விஷயமும் அப்படித்தான். பாப்லர் தெருப் பாலத்துக்குச் சட்டப்படி முதலில் ஒரு நகரத் தலைவரின் பெயர் இருந்தது. 2013-இல் அதை மாற்றி, மிஸௌரியிலிருந்து காங்கிரஸுக்குச் சென்ற முதல் கறுப்பு இனப் பிரதிநிதி வில்லியம் க்ளேயின் பெயரை வைத்தார்கள். ஊராருக்கு அது என்றும் பாப்லர் தெருப் பாலமே.

எண் போன பிறகு

வேடிக்கை இத்துடன் நிற்க, விஷயத்தின் உள்ளே சற்றுப் பார்ப்போம்.

அந்தப் பள்ளச் சாலை நகரத்துக்குப் பெரிய குறையாக இருந்தது. ஒரு பக்கம் வளைவும் நதியும். மறு பக்கம் பழைய நீதிமன்றக் கட்டடம். அடிமையாக இருந்த ட்ரெட் ஸ்காட் என்பவர் தமது விடுதலை கேட்டு வழக்காடிய இடம் அந்த நீதிமன்றம். இரண்டுக்கும் நடுவே வண்டிகள் இரையும் அகழி. நதிக்கரையில் பிறந்த நகரம், தன் நதிக்குப் போய்ச் சேர ஒரு பெருஞ்சாலையைத் தாண்ட வேண்டியிருந்தது. 70 வேறு இடத்துக்குப் போகப் போகிறது என்று தெரிந்ததும், நகரவாசிகளில் ஒரு சாரார், "எண்தான் போகிறதே, அகழியையும் தூர்த்துவிட்டு மரம் வைத்த தெருவாக ஆக்கிவிடலாமே" என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் அகழிக்கு 44 என்று வேறொரு எண் கிடைத்துவிட்டது. பெருஞ்சாலை எண் பெற்ற சாலையைத் தெருவாக்குவது எளிதன்று. எண்ணை வெறும் அடையாளம் என்று நினைக்கிறவர்கள் இதை யோசித்துப் பார்க்க வேண்டும். முற்றும் தோல்வி என்றும் சொல்ல முடியாது. 2015-இல் அகழியின் ஒரு பகுதிக்கு மேல் தளம் போட்டுப் பூங்கா அமைத்தார்கள். இன்று நீதிமன்றத்திலிருந்து வளைவு வரை புல்தரைமேல் குழந்தைகள் ஓடுகிறார்கள். 44 அவர்கள் காலடியில் ஓடுகிறது.

கிழக்குக் கரையில் இதற்கு நேர் எதிரான காட்சி. அங்கே கிழக்கு செயின்ட் லூயிஸ் என்று ஓர் ஊர். ஒரு காலத்தில் ரயில் நிலையங்களும் இறைச்சிப் பதனிடும் ஆலைகளுமாக ஜேஜே என்று இருந்தது. 1917-இல் கறுப்பு இன மக்கள்மீது பயங்கரமான கொலைபாதகம் நிகழ்ந்ததும் இங்கேதான். 1950-இல் 82,000 ஜனங்களுக்கு மேல் இருந்த அந்த ஊரில் 2020-ஆம் வருஷத்துக் கணக்குப்படி 19,000 பேருக்கும் குறைவு. ஆலைகள் போனது பெரிய காரணம். இருந்த தெருக்களைக் கிழித்துக்கொண்டு பெருஞ்சாலைகள் வந்ததும் ஒரு காரணம். நதியைத் தாண்டும் பெருஞ்சாலைகள் அந்த ஊரை ஒட்டியும் உயரத் தூண்களின்மேல் ஏறியும் போகின்றன. தேசத்தின் பெரிய எண்கள் எல்லாம் தலைக்குமேல் போயும், ஊருக்குள் இறங்குவது மிகவும் சொற்பம். 70 இடம் மாறியதால் அந்த ஊருக்கு ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை. ஒன்றும் விளைந்துவிடவும் இல்லை. பாலத்துக்குக் கீழே, பாதி வீதியில் வீடுகளும் பாதி வீதியில் புல்லுமாகக் கிடந்ததைப் பார்த்தபோது நமக்கு மனம் கனத்தது.

சாலைக்கு எண் கொடுப்பது வழிப்போக்கனுக்குச் செய்யும் உபகாரம். பால்ட்டிமோரில் 70 என்ற பலகையைப் பார்த்துப் புறப்பட்டவன், நதியில் எத்தனை பாலம் மாறினாலும் தன் 70 அறுபடாமல் மலை நாட்டுக்குப் போய்ச் சேரும் என்று நம்புகிறான். அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவே எண் இடம் பெயர்கிறது. எனவே அதைக் குறை கூற நியாயம் இல்லை. ஆனால் வழிப்போக்கன் ஒரு மணி நேரத்தில் போய்விடுகிறான். வழியில் இருக்கிறவன் ஆயுள் முழுவதும் இருக்கிறான். எண் மாறும்போது அவனையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டும்.

நமது தேசத்திலும் மகாநதிகளின்மேல் நெடும் பாலங்கள் எழுந்து வருகின்றன. 2017-இல் அஸ்ஸாமில் லோஹித் நதியின்மேல், தோலாவுக்கும் ஸதியாவுக்கும் இடையே, ஒன்பது கிலோமீட்டருக்கு மேல் நீளமான பாலம் திறந்தது. வெள்ளம் வந்தால் படகுத் துறையில் காத்திருந்த ஜனங்களுக்கு அது எவ்வளவு பெரிய வரம்! இனியும் பல பாலங்கள் வரும்; அவற்றோடு எண்களும் மாறும். அப்போது பழைய துறையில் கடை வைத்திருந்தவர் எங்கே போவார், பழைய பாலத்தை உடைப்பதா, நடப்பவர்களுக்கு விடுவதா, ஊருக்கும் ஆற்றுக்கும் நடுவே அகழி விழாமல் பார்ப்பது யார் என்னும் கேள்விகளை, வரைபடம் அச்சாவதற்கு முன்பே அந்தந்த ஊரார் கேட்டுவிடுவது நல்லது. செயின்ட் லூயிஸ்வாசிகள் கேட்டார்கள். கேட்டதனால் பாதியாவது கிடைத்தது. கிழக்குக் கரையில் கேட்பதற்குப் போதிய குரல் இல்லை. அங்கே பாலம் தலைக்குமேல் போயிற்று.